ஆர்சைன்: மூக்குக்குத் தெரியாமல் ரத்தத்தில் இறங்கும் வாயு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அம்மோனியா வாசனையைச் சொல்லிவிடுவார்கள். வெட்டிய பால் உறைந்துபோகாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பது வழக்கம். ஸ்டோரில் அந்த டப்பாவின் மூடியைத் திறந்தால் போதும், மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் கொட்டும், யாரும் சொல்லாமலே ஆள் இரண்டடி பின்னால் போய்விடுவார். இந்த அம்மோனியாவுக்கு நெருங்கிய சொந்தம்தான் ஆர்சைன். ஒரு நைட்ரஜன் அணுவோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்தால் அம்மோனியா. நைட்ரஜன் இருந்த இடத்தில் ஆர்செனிக் வந்து உட்கார்ந்தால் ஆர்சைன். தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நிரலில்தான் இருக்கின்றன; நைட்ரஜனுக்குக் கீழே பாஸ்பரஸ், அதற்குக் கீழே ஆர்செனிக், அதற்கும் கீழே ஆன்டிமணி. நைட்ரஜன் அலோகம். ஆர்செனிக் உலோகமும் இல்லாத, அலோகமும் இல்லாத உலோகப்போலி. இந்தச் சொந்தத்தை நம்பி, அம்மோனியாவைப் போலத்தான் ஆர்சைனும் எச்சரிக்கும் என்று நினைத்தால் உயிர் போகும்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 1996-இல் இங்கே கூலிமில் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பூங்கா திறந்தபிறகு, பால்மரத்தையும் செம்பனையையும் பேசிக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது ஷிப்டும், சிப் செய்யும் தூசியில்லா அறையான கிளீன் ரூமும் பேச்சாகிவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, என் மகன் சிப் ஃபேக்டரியில சேரப் போறான். அந்த மாதிரி இடத்துல பூண்டு வாசம் அடிக்கிற கேஸ் ஒன்னு இருக்குமாமே. வாசம் வந்தா ஓடியாந்துடலாம்தானே?"

"வாசம் வர்றதுக்குள்ள அளவு எங்கேயோ போயிருக்கும் அக்கா" என்றேன். அந்தப் பதிலுக்கான முழு விளக்கம் இது.

முதலில் வாசனை. சுத்தமான ஆர்சைனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றில் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்தபிறகு எழும் வாசனைதான் பூண்டு போலவோ அழுகிய மீன் போலவோ தெரிகிறது. அதுவும் காற்றில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு, அதாவது 0.5 பிபிஎம் அளவை எட்டினால்தான் மூக்குக்குப் பிடிபடும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.05 பிபிஎம். மூக்கு உணரும்போது அளவு ஏற்கெனவே பத்து மடங்கு தாண்டிவிட்டது. அந்நாட்டுத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு பிற்பாடு பரிந்துரைத்த 0.005 பிபிஎம்மை வைத்துப் பார்த்தால் நூறு மடங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கிடும் அளவே 3 பிபிஎம்தான். மூக்கு உணரும் அளவுக்கும் இதற்கும் நடுவே இருப்பது வெறும் ஆறு மடங்கு. 250 பிபிஎம் இருக்கும் காற்றைச் சுவாசித்தால் அங்கேயே மரணம் என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன. 25 முதல் 50 பிபிஎம் என்றால் அரை மணி நேரம் போதும்.

அம்மோனியா ஏன் உடனே எரிகிறது, ஆர்சைன் ஏன் எரிவதில்லை என்பதற்கு விடை தண்ணீரில் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே ஒரு லிட்டர் தண்ணீரில் ஆர்சைன் 200 மில்லிலிட்டர் அளவுக்குத்தான் கரையும். நம் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது ஈரம். அம்மோனியா அந்த ஈரத்தில் கரைந்து, காரமாகி, அங்கேயே சுட்டுவிடுகிறது. வலிக்கிறது, நாம் ஓடுகிறோம். ஆர்சைன் அந்த ஈரத்தில் கரைவதே அபூர்வம், கரைந்தாலும் காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. அதனால் மூக்கில் தங்காமல், தொண்டையில் தங்காமல், நுரையீரலின் அடிவரைக்கும் போய் அங்கிருந்து ரத்தத்தில் ஏறிவிடுகிறது. இருமல்கூட வராது.

காரத்தன்மை இல்லாமல் போவதற்குக் காரணம் மூலக்கூறின் வடிவம். இரண்டுமே மூன்று கால் பிரமிடுகள்தான். உச்சியில் நைட்ரஜன் அல்லது ஆர்செனிக், கீழே மூன்று ஹைட்ரஜன், உச்சிக்கு மேலே பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான். அம்மோனியாவில் இரண்டு ஹைட்ரஜன்களுக்கு நடுவிலான கோணம் சுமார் 107 டிகிரி. ஆர்சைனில் அது 92 டிகிரிக்குச் சுருங்கி, கிட்டத்தட்டச் செங்கோணமாகிவிடுகிறது. பிணைப்புகள் செங்கோணத்துக்கு வந்துவிட்டன என்றால், மேலே இருக்கும் அந்த எலக்ட்ரான் ஜோடி வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் அணுக்கருவைச் சுற்றி உருண்டையாக ஒடுங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து இழுப்பதற்கு அந்த ஜோடிதான் தேவை. அம்மோனியா பிடித்து இழுக்கும், ஆர்சைன் இழுக்காது.

கொதிநிலையிலும் இந்த வேறுபாடு தெரியும். கனம் கூடக் கூடக் கொதிநிலையும் கூட வேண்டும். பாஸ்பரஸோடு ஹைட்ரஜன் சேர்ந்த ஹைட்ரைடான பாஸ்பீன் மைனஸ் 88 டிகிரி செல்சியஸ், ஆர்சைன் மைனஸ் 62.5, ஆன்டிமணியின் ஹைட்ரைடான ஸ்டிபைன் மைனஸ் 17 என்று வரிசை ஒழுங்காகத்தான் ஏறுகிறது. மிகவும் இலேசான அம்மோனியா மட்டும் மைனஸ் 33-இல் நிற்கிறது. அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஆர்சைனுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆனாலும் அழுத்தினால் திரவமாகிவிடும். சிலிண்டருக்குள் அது ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தத்தில் திரவமாகத்தான் இருக்கும். சின்ன சிலிண்டர்தானே என்று பார்க்கக் கூடாது. உள்ளே திரவம் என்றால், வெளியே வரும்போது வாயுவின் கொள்ளளவு மிகப் பெரிது. இன்னொன்று, இது காற்றைவிட 2.7 மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படர்ந்து பள்ளத்தில், வடிகாலில், குழிக்குள் தேங்கி நிற்கும். அம்மோனியா காற்றைவிட இலேசு, மேலே ஏறிப் போய்விடும். கசிவு நடந்த இடத்தில் குனிந்து வால்வைத் தேடுபவர் தன் தலையை எங்கே கொண்டுபோகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வேதியியல். ஆர்செனிக்குக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவில் இருக்கும் பிணைப்பு பலவீனமானது. நைட்ரஜன் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு சுமார் 390 கிலோஜூல் தேவை. இதற்கு 300-க்கும் குறைவு. தனிமங்களிலிருந்து ஆர்சைன் உருவாகும்போது அது 66 கிலோஜூல் ஆற்றலை உள்வாங்கிக்கொண்டுதான் உருவாகிறது. வாய்ப்புக் கிடைத்தால் பிரிந்துபோகவே பார்க்கும். ஆனால் பிரிவதற்கு முதலில் ஒரு ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டியிருப்பதால் சாதாரண வெப்பத்தில் சிலிண்டருக்குள் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். 300 டிகிரி பக்கம் சூடு ஏறினால் ஆர்செனிக் தனியாக, ஹைட்ரஜன் தனியாகப் பிரிந்துவிடும். ஸ்டிபைனுக்கு அந்தப் பொறுமைகூடக் கிடையாது, அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்.

இந்தப் பிரிதலை முதலில் பயன்படுத்திக்கொண்டது நீதிமன்றம். ஆர்சைனை 1775-இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே தயாரித்துவிட்டார். ஜெர்மன் வேதியியலாளர் கெலன் 1815-இல் இதே வாயுவைச் சுவாசித்து இறந்தும் போனார். ஆனால் இதற்கு ஒரு பயன் கண்டவர் லண்டனை அடுத்த வூலிச் ராணுவத் தளவாடச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் மார்ஷ். 1833-இல் தாத்தாவுக்குக் காப்பியில் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக் ஆக்சைடு, வைத்ததாக ஜான் போடில் என்ற இளைஞன்மீது வழக்கு வந்தது. மார்ஷ் அந்தக் காப்பியைச் சோதித்து மஞ்சள் நிற ஆர்செனிக் சல்பைடைப் பிரித்துக் காட்டினார். நம் நாட்டு மருந்துக்கடையில் அரிதாரம் என்று வைத்திருப்பார்களே, அதே பொருள். ஆனால் ஜூரிகள் பார்ப்பதற்குள் அது கெட்டுப்போய், குற்றம்சாட்டப்பட்டவன் விடுதலையாகிவிட்டான். யாரும் மறுக்க முடியாத ஒரு சோதனை வேண்டும் என்று மார்ஷ் உட்கார்ந்தார். 1836-இல் வெளியிட்டார்.

குடுவையில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் குமிழ் குமிழாக வரும். அதில் சந்தேகத்துக்குரிய பொருளைச் சேர்க்க வேண்டும். ஆர்செனிக் இருந்தால் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆர்சைனாகிக் குழாய் வழியாக வெளியேறும். வழியில் ஈரத்தை உறிஞ்ச ஒரு உலர்த்தி. அதைத் தாண்டி மெல்லிய கண்ணாடிக் குழாய். குழாயின் ஓரிடத்தை விளக்கால் சூடாக்கினால், சூடான இடத்தில் வாயு உடைந்து, அதை அடுத்திருக்கும் குளிர்ந்த இடத்தில் கருமையும் பழுப்பும் கலந்த பளபளப்பு ஒன்று மெல்லப் படியும். கண்ணாடிபோல் மின்னும் அந்தப் படலம்தான் ஆர்செனிக் ஆடி. மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலும் தெரிந்துவிடும். ஆன்டிமணியும் இதேபோல் ஆடி படியவைக்கும். இரண்டையும் பிரித்தறிய, நம் வீட்டில் குளோராக்ஸ் என்று வாங்கும் வெளுப்பானில் இருக்கும் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலைத் தொட்டுப் பார்க்கலாம். ஆர்செனிக் ஆடி கரைந்துவிடும், ஆன்டிமணி ஆடி அப்படியே நிற்கும். 1840-இல் பிரான்சில் மரி லஃபார்ஜ் வழக்கில் உள்ளூர்ச் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட, பாரிசிலிருந்து நச்சியல் வல்லுநர் ஓர்ஃபிலா வந்து இந்தக் கருவியை முறையாக நடத்தி இறந்த கணவரின் உடலில் ஆர்செனிக் இருப்பதைக் காட்டினார். நச்சியல் நீதிமன்றம் ஏறியது இப்படித்தான். வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்கும் கையடக்கப் பெட்டிகளும் இதே வழியில் போகின்றன. தண்ணீரில் இருக்கும் ஆர்செனிக்கைச் சிறிதளவு ஆர்சைனாக மாற்றி, பாதரச உப்பு தடவிய காகிதத்தில் படவிட்டு, மஞ்சளா பழுப்பா என்று நிறம் பார்ப்பார்கள்.

சிப் தொழிலுக்கு ஆர்சைன் தேவைப்படுவதும் இதே பலவீனமான பிணைப்புக்காகத்தான். காலியம் ஆர்செனைடு என்ற குறைகடத்தியை வளர்க்க வேண்டுமென்றால், 600, 700 டிகிரிக்குச் சூடாக்கிய தட்டின்மேல் ட்ரைமெத்தில்காலியம் ஆவியையும் ஆர்சைனையும் ஒன்றாக விடுவார்கள். ஆர்சைன் உடைந்து ஆர்செனிக்கைக் கொடுக்கும், காலியம் அதோடு சேரும், மிஞ்சும் ஹைட்ரஜனும் மெத்தில் பகுதிகளும் மீத்தேனாகி வெளியே போகும். அணு அடுக்குமேல் அணு அடுக்காக, அழுக்கில்லாமல் படிகம் வளரும். சிவப்பு விளக்குகள், அகச்சிவப்பு லேசர்கள், கைப்பேசியில் அலைகளைப் பெருக்கி அனுப்பும் சில்லுகள் எல்லாம் இந்த வகைப் பொருளில் செய்யப்படுகின்றன. மார்ஷின் கண்ணாடிக் குழாயில் நடந்ததும் இதுவும் அடிப்படையில் ஒரே வினை என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. சாதாரண சிலிக்கான் சில்லிலும் ஆர்செனிக்குக்கு வேலை உண்டு. சிலிக்கானுக்கு வெளிக்கூட்டில் நாலு எலக்ட்ரான், ஆர்செனிக்குக்கு ஐந்து. சிலிக்கானுக்குள் ஆர்செனிக் அயனிகளைச் செலுத்திவிட்டால், மிஞ்சும் ஒரு எலக்ட்ரான் மின்சாரத்தைக் கடத்தும்.

சிப் ஆலைகளில் சிலேன் என்ற இன்னொரு உலோகப்போலி ஹைட்ரைடும் இருக்கும். சிலிக்கானோடு நாலு ஹைட்ரஜன். அது காற்றைக் கண்டதும் தானாகவே தீப்பிடித்து வெள்ளைத் தூளைக் கக்கும். சில நேரம் உடனே பிடிக்காமல் தேங்கி நின்று வெடிப்பதும் உண்டு. பயங்கரமானதுதான், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆர்சைனும் எரியக்கூடியதுதான், எரிந்தால் வெள்ளைப் பாஷாணமும் நீராவியும் மிஞ்சும். ஆனால் காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளாது.

அதனால் ஒழுங்காக நடத்தும் ஆலையில் ஆர்சைன் சிலிண்டரை வெறுமனே ஒரு மூலையில் நிறுத்திவைக்க மாட்டார்கள். உலோக அலமாரிக்குள் வைத்து, அலமாரிக்குள் இருக்கும் காற்றை எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். கசிந்தாலும் உள்ளே இழுக்குமே தவிர அறைக்கு வராது. குழாய்க்குள் குழாயாக இரட்டைச் சுவர். வெளியேறும் வாயு வடிகட்டிப் படுகைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மூக்கால் முடியாததைச் செய்ய உணரிகள் இருக்கும். அவற்றில் ஒரு வகையில் வேதிப்பொருள் தடவிய காகித நாடா மெல்ல நகர்ந்துகொண்டே போகும், ஆர்சைன் பட்டால் கறை படியும், ஒளிக்கண் அதைப் படித்து மணியடித்து வால்வை மூடும். அயனிகளைச் செலுத்தும் இயந்திரங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்றும் வந்துவிட்டது. சிலிண்டருக்குள் நுண்துளைக் கரியை நிரப்பி அதில் ஆர்சைனை ஒட்டவைத்து, உள்ளழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். வால்வு உடைந்தாலும் முதலில் காற்றுதான் உள்ளே போகும். பொறியியலில் நான் மிகவும் மதிக்கும் யோசனைகளில் இது ஒன்று.

ரத்தத்தில் ஏறியபின் ஆர்சைன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண ஆர்செனிக் விஷம் வயிற்றையும் நரம்பையும் தோலையும் தாக்கும். ஆர்சைன் நேராகச் சிவப்பணுவுக்குப் போகிறது. அணுவுக்குள் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து, சவ்வு கிழிந்து அணு உடைகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணுக்கள் சில மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாக உடைந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் எல்லாம் ரத்த நீரில் கொட்டுகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அது அடைத்துக்கொள்கிறது. கொடுமை என்னவென்றால் இதெல்லாம் தெரியவர இரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் வாயுவைச் சுவாசித்தவர் ஷிப்ட் முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்திருப்பார். முதலில் தலைவலி, அசதி, குமட்டல், வயிற்றுவலி. அப்புறம் சிறுநீர் கருஞ்சிவப்பாகும். ஓரிரு நாளில் கண்ணும் தோலும் மஞ்சளாகும். பிறகு சிறுநீர் குறைந்து நின்றேபோகும்.

ஆர்சைன் என்றவுடன் எல்லார் கண்ணும் ஹைடெக் பார்க் பக்கம் திரும்புகிறது. என் கவலை வேறு பக்கம். இதுவரை பதிவான ஆர்சைன் விஷச் சம்பவங்களில் பெரும்பாலானவை சிலிண்டரிலிருந்து வந்தவை அல்ல. ஆர்சைன் உண்டாகிறது என்றே தெரியாமல் உண்டாக்கியவை. மார்ஷின் குடுவைக்குத் தேவைப்பட்டது என்ன? துத்தநாகம், அமிலம், கொஞ்சம் ஆர்செனிக். துத்தநாகம், ஈயம், செம்பு, தகரத் தாதுக்களில் ஆர்செனிக் இயல்பாகவே கலந்து வரும். உலோகக் கசடை அமிலத்தில் போட்டு அலசும் இடத்தில், அமிலத் தொட்டியின் அடி வண்டலை வாரும் இடத்தில், ஈய பேட்டரிகளை உடைத்து உருக்கும் இடத்தில் மூன்றும் தானாகவே ஒன்றுசேர்ந்துவிடும். பேட்டரித் தட்டுகளின் ஈயத்தில் கெட்டிப்படுவதற்காக ஆன்டிமணியும் சிறிதளவு ஆர்செனிக்கும் சேர்ப்பதுண்டு. மூடிய அறையில் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால் ஸ்டிபைனும் ஆர்சைனும் இலேசாக வெளிவரும். அமிலம்தான் வேண்டும் என்றுகூட இல்லை. அலுமினியமும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் வரும் ஹைட்ரஜனும் ஆர்செனிக்கை ஆர்சைனாக்கிவிடும்.

நம் தோட்டங்களின் கதை இந்த இடத்தில் வந்து சேர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்க மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லையும் மற்றக் களையையும் அழிக்க அடித்த மருந்து சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்செனிக் உப்பு. மறுநடவுக்குமுன் வயதான பால்மரங்களைச் சாகடிக்கவும் அதைத்தான் பூசினார்கள். அந்தப் புல்லை மேய்ந்து மாடுகள் செத்தன, அதைத் தூக்கிச் சுமந்து அடித்தவர்களில் பெரும்பங்கினர் நம்மவர்கள். 1960-களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்தபின் ஆர்சனைட் ஒதுங்கியது. பாராகுவாட்டும் கொடிய விஷம் என்று ஆகி, மலேசியாவில் 2020 ஜனவரி முதல் அதற்குத் தடை. ஆனால் ஆர்செனிக் ஒரு தனிமம். அது சிதைந்து மறைவதில்லை. மண்ணில் இரும்போடும் களியோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மண்ணில் கிடப்பதால் மட்டும் அது ஆர்சைனாகி எழும்பி வந்துவிடாது. அதை நினைத்துத் தோட்டத்து வீடுகளில் பயப்படத் தேவையில்லை. பழைய மருந்துக் கொட்டகையை இடிக்கும்போது கிடைக்கும் துருப்பிடித்த தகர டின்கள், துத்தநாகம் பூசிய தொட்டிகள், அடியில் காய்ந்துபோன வெள்ளை உப்பு, இவைதான் கவனிக்க வேண்டியவை. பழைய இரும்புக்கு வாங்குபவர் துத்தநாகத்தைக் கழற்ற அதில் அமிலத்தை ஊற்றினால், மார்ஷின் சோதனை ஒரு பட்டறை மூலையில், காற்றோட்டம் இல்லாமல் நடந்துவிடும். அப்படிப்பட்ட பொருளை அமிலத்திலும் காஸ்டிக்கிலும் படவிடக் கூடாது. அலசக்கூடக் கூடாது. ஒதுக்கிவைத்து, அட்டவணைக் கழிவாக, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவாக, ஒப்படைக்க வேண்டும்.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு ரசாயன விதிமுறைகளும் முதலாளி தன் இடத்தில் புழங்கும் ரசாயனங்களின் ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கின்றன. பெரிய ஆலைக்கு இது வழக்கமான காகித வேலை. சின்னப் பட்டறையில் வாங்கிவைத்த ரசாயனங்களைத்தான் எழுதுவார்கள். தொட்டிக்குள் தானாக உண்டாகும் வாயுவை யார் எழுதுவது? அமிலத்தோடு உலோகம் படும் எந்த வேலைக்கும் உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வியை மதிப்பீட்டுப் படிவத்திலேயே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, மாற்றுமருந்து கிடையாது. மற்ற ஆர்செனிக் விஷங்களுக்குப் போடும் டைமெர்காப்ரோல் ஊசி சிவப்பணு உடைவதை நிறுத்துவதில்லை. நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிட்டு மாற்று ரத்தம் ஏற்றுவது, சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ், இரண்டும்தான் உயிரைப் பிடித்து வைக்கும். சிறுநீரகம் மீண்டுவர வாரக்கணக்கில் ஆகலாம். நேரத்தோடு போனால் பிழைக்க வழியுண்டு. தாமதம் நேர்வது பெரும்பாலும் கிளினிக்கில்தான். நம் ஊரில் வயிற்றுவலி, மஞ்சள் கண், கருத்த சிறுநீர் என்று ஒருவர் வந்தால் எந்த டாக்டரும் முதலில் எலிக்காய்ச்சலையோ கல்லீரல் அழற்சியையோதான் நினைப்பார். அது அவர் தப்பும் இல்லை. அதனால் அமிலம், உலோகக் கசடு, பேட்டரி, சிப் ஆலை வாயு என்று எதிலாவது வேலை செய்பவருக்குச் சிறுநீர் கருத்துப்போனால், காய்ச்சலைப் பற்றிச் சொல்வதற்குமுன் முதல்நாள் என்ன வேலை செய்தார், எதில் எதை ஊற்றினார் என்று சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களையும், அவர்களுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும், அதே நாளில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.